மகரக்கட்டு

சங்கரன்கோவில் ஒரு போட்டியில் பிறந்த ஊர். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள் இருந்தார்கள். சிவனே பெரியவர் என்றான் ஒருவன். திருமாலே பெரியவர் என்றான் மற்றவன். வழக்கு முற்றி இருவரும் அம்பாளிடம் போய் நின்றார்கள். கோமதியம்மன் தபசு இருந்தாள். ஆடி மாதத்தில் ஒரு நாள், பாதி உடம்பு சிவனாகவும் பாதி உடம்பு திருமாலாகவும் சங்கரநாராயணர் வந்து காட்சி கொடுத்தார். ஆண்டுதோறும் ஆடித்தபசு என்று ஊரே திரண்டு கொண்டாடுவது இந்தத் தீர்ப்பைத்தான். ஸ்தல புராணங்களில் அதிசயங்களுக்குப் பஞ்சமில்லை. இந்தப் புராணத்தில் எனக்குப் பெரிதாகப் படுகிற அதிசயம் ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய போட்டி நடந்தும், தோற்றவன் என்று ஒருவன் இல்லை. சங்கனும் தலை குனியவில்லை. பதுமனும் தலை குனியவில்லை.

மனிதர்கள் நடத்தும் போட்டிகளில் இந்த வசதி கிடையாது. பத்துப் பேர் வேண்டிய இடத்துக்கு முப்பது பேர் வந்து நின்றால், இருபது பேர் வீட்டுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அந்த இருபது பேரும் பெரியவர்களாக இருந்தால், எப்படியாவது மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தால் என்ன செய்வது? அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஆள் எடுக்கிற நாளில், நம் ஊர்களில் நடக்கும் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மேடையில் நடப்பதைவிட மேடைக்கு வெளியில் நடப்பதுதான் பெரிய நாடகம்.

இதைத் தொலைக்காட்சி கொண்டுவந்த வியாதி என்று சிலர் சொல்கிறார்கள். கைப்பேசி கொண்டுவந்த வியாதி என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு இளைய வியாதி அல்ல இது. பிள்ளையை மேடையேற்றிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கும் பெற்றோருக்குத் தமிழ்நாட்டில் நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சரித்திரத்தைப் படிக்க வேண்டுமானால், பாய்ஸ் கம்பெனிகளின் காலத்துக்குப் போக வேண்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் நம் சீமைக்காரர். 1867-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், சனீசுவரன் போன்ற பயங்கர வேடங்களில் பேர் வாங்கிய நடிகர். பின்னால் நடிப்பை விட்டு ஆசிரியரானார். 1918-ல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’ என்ற நாடகக் கம்பெனியை ஏற்படுத்தினார். நடிகர்கள் எல்லோரும் சிறுவர்கள். அரசனும் சிறுவன், அரசியும் சிறுவன், விதூஷகனும் சிறுவன், எமனும் சிறுவன்.

சிறுவர்களை ஏன் தேடிப் போனார்கள்? காரணம் வேடிக்கையானது. வளர்ந்த நடிகர்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மேடையிலேயே போட்டி போட்டுக்கொண்டு, எழுதிய வசனத்தை விட்டுவிட்டு மனம்போனபடி பேசினார்கள். ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். கதை எங்கேயோ போய்விடும். சிறுவர்களோ ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடி ஒப்புவித்தார்கள். பாடம் பண்ணினார்கள், அடித்தால் அழுதார்கள், அழுகை ஓய்ந்ததும் மறுபடியும் பாடம் பண்ணினார்கள். பெரியவர்களின் போட்டியைத் தாங்க முடியாமல்தான் தமிழ் நாடக மேடை குழந்தைகளின் கையில் வந்து சேர்ந்தது. ஜெகந்நாத ஐயர் கம்பெனி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்த நாளில் முளைத்தவை பல.

ஒரு பிள்ளையைக் கம்பெனியில் சேர்ப்பதற்கு ஒரு பரீட்சை உண்டு. ஆர்மோனியத்துக்கு முன்னால் பிள்ளையை நிறுத்துவார்கள். “பாடு” என்பார் வாத்தியார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழ வேண்டும். ஆகையால் நாலரைக் கட்டை, ஐந்து கட்டை சுருதிக்குக் குரல் எட்டுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் முகவெட்டைப் பார்ப்பார்கள். நாலு வரி வசனத்தைச் சொல்லிக்கொடுத்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். களையான முகமும் மெல்லிய குரலும் இருந்தால் ஸ்திரீபார்ட். கம்பீரம் இருந்தால் ராஜபார்ட். மிகவும் சின்னப் பிள்ளையானால் பிரகலாதன், லோகிதாசன் போன்ற பாலபார்ட். ஒன்றும் தேறாவிட்டால் தோழிகள் கூட்டத்தில் பத்தோடு பதினொன்றாக நிற்கலாம்.

தேறிய பிள்ளையின் பெற்றோரிடம் இத்தனை ஆண்டுகள் கம்பெனியில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். சம்பளம் பெற்றோருக்குப் போகும். சோறும் துணியும் பாடமும் பிரம்படியும் பிள்ளைக்குக் கிடைக்கும். கம்பெனி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். பிள்ளையும் கூடவே போய்க்கொண்டிருப்பான். பெற்றோர் நினைத்த நேரத்தில் வந்து, “என் பிள்ளைக்கு ஏன் அர்ச்சுனன் வேஷம் கொடுக்கவில்லை?” என்று சட்டம் பேச முடியாது. கையெழுத்துப் போட்டவுடன் அவர்களுடைய அதிகாரம் முடிந்தது. இது ஒரு வகையில் கொடுமை. இன்னொரு வகையில், மேடையில் நிற்கும் பிள்ளை ஒரு எஜமானனுக்குப் பயந்தால் போதும் என்ற நிலைமை.

எல்லாப் பெற்றோரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டி. கே. எஸ். சகோதரர்களின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை தாமே நடிகர். பெண் வேடத்தில் பேர் பெற்றவர். சங்கரன், முத்துசாமி, சண்முகம் என்ற மூன்று பிள்ளைகளும் 1918-ல் சுவாமிகளின் சபையில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு ஆறு வயது. அந்தச் சண்முகத்துக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகத்தில் பிரசித்தமான செய்தி. பிள்ளை அபிமன்யுவாக நின்றதைப் பார்த்த தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும்! அவருக்கு மேடை தெரியும். அதில் ஏறுவது என்ன பாடு, அதிலிருந்து இறங்குவது என்ன பாடு என்று இரண்டும் தெரியும். தெரிந்தவர் ஆசைப்படுவது வேறு, தெரியாதவர் ஆசைப்படுவது வேறு.

மேற்கே செங்கோட்டையில் 1906-ல் பிறந்த கிட்டப்பாவின் கதை வறுமையின் கதை. கங்காதர ஐயர் வீட்டில் பிள்ளைகள் நிறைய; சாப்பாடு குறைவு. அண்ணன்மார்கள் நாடகத்துக்குப் போனார்கள்; பின்னாலேயே இந்தச் சின்னப் பிள்ளையும் போனான். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தென்னாடே அந்தக் குரலுக்காகக் கொட்டகை வாசலில் காத்துக் கிடந்தது. 1933-ல், இருபத்தேழாவது வயதில் அவர் காலமானார். அந்த இருபத்தேழு வருஷத்தில் விளையாட்டுப் பருவம் என்று எத்தனை வருஷத்தைச் சொல்ல முடியும் என்று கணக்குப் போட்டால் மனம் கனத்துப் போகிறது. ஆனால் அவரைப் பார்த்த பெற்றோர்கள் அந்தக் கணக்கையா போட்டிருப்பார்கள்? அவருடைய சம்பாத்தியக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். கிட்டப்பா ஏறிய உயரத்தைக் கேள்விப்பட்டு, எந்தெந்த வீட்டில் எந்தெந்தப் பிள்ளையின் தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போயிருக்கும் என்று நாம் கற்பனை செய்துகொள்ளலாம்.

1917-ல் கண்டியில் பிறந்த எம். ஜி. ஆர். தகப்பனாரை இழந்தபின் கும்பகோணத்தில் வளர்ந்தார். தாயார் சத்தியபாமா பிள்ளைகள் சக்கரபாணியையும் ராமச்சந்திரனையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு அனுப்பியது, பிள்ளைகள் புகழ் பெற வேண்டும் என்பதற்காக அல்ல. இரண்டு வேளைச் சோறு அங்கே நிச்சயம் என்பதற்காக. இப்படிப்பட்ட தாயைப் பிள்ளையை வதைத்தவள் என்று சொல்ல எந்த நாவும் கூசும். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் வேறு வழி இருந்தும் பிள்ளையை நெருக்குகிற பெற்றோர் வேறு ஜாதி. இந்த இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருப்பது சரித்திரம் எழுதுகிறவனின் முதல் கடமை.

பெற்றோர் தள்ளாமலே ஓடி வந்த பிள்ளைகளும் உண்டு. ஒரு துண்டு மீனுக்காகத் தாயாரிடம் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததாக எம். ஆர். ராதா சொல்லியிருக்கிறார். 1928-ல் பிறந்த சிவாஜி கணேசன் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து மயங்கிப்போன சிறுவன். திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி முகாம் போட்டிருந்தது. “உனக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டபோது, “நான் அநாதை” என்று சொல்லிச் சேர்ந்துகொண்டான். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கையில் அப்படி ஒரு பொய்! முதலில் கிடைத்தது சீதை வேஷம்.

இந்தப் பொய்யை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. வீட்டில் தடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சொன்ன பொய்தான். ஆனால் அதற்குள் ஒரு நிஜமும் ஒளிந்துகொண்டிருக்கிறது. தன் ஆசைக்காக மேடை ஏறுகிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பார்க்கிற ஜனங்கள் உண்டு, தான் உண்டு, வேஷம் உண்டு. மேடையில் நிற்கும்போது பக்கத்துத் தட்டி மறைவில் நிற்கும் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற பிள்ளை, இன்னும் நடிக்கத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

இனி நான் தலைப்பாக வைத்த சொல்லுக்கு வருகிறேன். பாய்ஸ் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தது ஒன்றுக்கு. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு வயதில் சிறுவனுக்குக் குரல் உடையும். நேற்று வரை ஐந்து கட்டையில் கணீரென்று ஒலித்த தொண்டை, இன்று காலையில் தகரத்தைத் தேய்த்தது போல் கரகரக்கும். இதற்கு நாடகக்காரர்கள் வைத்த பேர் மகரக்கட்டு. சீதை வேஷம் போட்டவன் அன்றோடு சீதையாக இருக்க முடியாது. அவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை. வளர்ந்தான், அவ்வளவுதான்.

சிலருக்குக் குரல் திரும்பி வந்தது. சிலருக்கு வராமலே போயிற்று. வராதவர்களில் சிலர் ஆர்மோனியம், மிருதங்கம் என்று பக்க வாத்தியத்துக்குப் போனார்கள். சிலர் சீன் இழுத்தார்கள். சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, தொழில் ஒன்றும் கற்காத பிள்ளை, ராஜா மாதிரியும் ராணி மாதிரியும் பேச மட்டும் தெரிந்த பிள்ளை, ஒரு நாள் காலையில் தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். இத்தனை வருஷமும் மாதம் தவறாமல் பணம் அனுப்பியவன். இனிமேல் பணம் வராது. அந்த வாசற்கதவு எப்படித் திறந்தது? தமிழ் நாடகத்தின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் தெரிந்துகொள்ள ஆசையான காட்சி அதுதான். அந்தக் காட்சியை எந்தக் கம்பெனியும் மேடையேற்றியதில்லை.

சண்முகம் தப்பித்தவர். 1925-ல் சகோதரர்கள் சொந்தமாகவே கம்பெனி ஏற்படுத்தினார்கள். குரல் போனால் வெளியே தள்ள ஆளில்லை. 1942-ல், முப்பதாவது வயதில், அவர் கிழவி ஔவையாராக மேடை ஏறினார். அந்த வேஷம் அவருக்கு ‘அவ்வை சண்முகம்’ என்ற பேரையே கொடுத்துவிட்டது; சென்னையில் ஒரு சாலைக்கும் அந்தப் பேர். எம். ஜி. ஆர்., சிவாஜி, ராதா, என். எஸ். கிருஷ்ணன் எல்லோரும் தப்பித்தவர்கள். நாம் சரித்திரம் என்று படிப்பதெல்லாம் தப்பித்தவர்களின் சரித்திரமே. ஒரு கிட்டப்பாவுக்குப் பின்னால் எத்தனை மகரக்கட்டுகள் என்று எண்ணிச் சொல்ல யாரும் இல்லை. பெற்றோரின் கண்ணுக்கு எப்போதும் தெரிவது கிட்டப்பாதான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல. சண்முகத்தைவிட இரண்டு வயது இளையவன் ஜாக்கி கூகன் என்ற அமெரிக்கச் சிறுவன். 1921-ல் சார்லி சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்து உலகத்தையே அழவைத்தவன். சம்பாதித்தது லட்சக்கணக்கான டாலர். பெரியவனான பிறகு தன் பணம் எங்கே என்று கேட்டான். தாயாரும் மாற்றாந் தகப்பனாரும் செலவழித்தாகிவிட்டது. 1938-ல் தாயார் மேலேயே வழக்குப் போட வேண்டியதாயிற்று. கைக்கு வந்தது ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் டாலர். அந்த வழக்கின் விளைவாக 1939-ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பாதுகாத்து வைக்கச் சட்டம் வந்தது. நம் நாட்டில் இந்த ஏற்பாடு வர 2017 ஆயிற்று. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, குழந்தைக் கலைஞர்களை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; வருமானத்தில் குறைந்தது நூற்றுக்கு இருபது பங்கை அந்தக் குழந்தையின் பேரில் வங்கியில் போட வேண்டும்.

நல்ல விதிகள்தாம். பணத்தையும் நேரத்தையும் சட்டம் காப்பாற்றும். ஆனால் பணமே இல்லாத மேடை ஒன்று இருக்கிறது. அங்கே சம்பளம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, ஒரு மாலை நேரத்தோடு எல்லாம் முடிந்துவிடும். பள்ளிக்கூட மேடையைத்தான் சொல்கிறேன். பாய்ஸ் கம்பெனிகள் சினிமாவின் வெள்ளத்தில் கரைந்து போயின. பிள்ளையை மேடையில் பார்க்கும் ஆசை கரையவில்லை. அது பள்ளிக்கூடத்துக்குக் குடிபோய்விட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்னால், சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் ஆண்டு விழா நடனத்துக்குப் பெண் பிள்ளைகளைப் பொறுக்குவதைப் பார்க்க நேர்ந்தது. முன் வரிசைக்கு எட்டுப் பேர் வேண்டும். வந்திருந்தவர்கள் இருபதுக்கு மேல். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தாய்மார்கள். பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே பிள்ளைகள் ஆடினார்கள். வெளியே தாய்மார்களின் கையும் ஆடியது. நான் பிள்ளைகளின் கண்களைக் கவனித்தேன். டீச்சரைப் பார்த்த கண்கள் குறைவு. ஜன்னலைப் பார்த்த கண்கள்தான் அதிகம். ஒரு தகப்பனார் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். தீர்ப்புத் தவறினால் சாட்சிக்கு ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ.

டீச்சர் பேர்களை வாசித்தாள். ஒரு தாய் உள்ளேயே வந்துவிட்டாள். விசைத்தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய உரத்த குரல். “எம்புள்ளையப் பின்னால நிப்பாட்டிட்டியளே டீச்சர்! ரெண்டு மாசமா வீட்டுல பழக்கி வச்சிருக்கேன். எங்க மயினி மகள முன்னால நிப்பாட்டியிருக்கிய. நாளைக்கு நான் அவ மூஞ்சில எப்படி முழிக்க?” என்றாள். பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறாள் என்பது இரண்டு குடும்பங்களுக்கு இடையே உள்ள கணக்கு என்பது அப்போது விளங்கிற்று. ஆனால் என்னை அசைத்தது அதுவல்ல. பேர் வராத இன்னொரு சிறுமி, டீச்சரின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிருதியளா?” ஆட்டத்தில் சேராமல் போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதை வீட்டில் சொல்வதுதான் பெரிதாகத் தெரிந்தது.

இது சின்ன ஊரின் சின்னச் சண்டை. இதுவே பெரிதானால் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே பள்ளிக் கலை விழா 1957-ல் எர்ணாகுளத்தில் எளிமையாகத் தொடங்கியது. வளர்ந்து வளர்ந்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடும் பெரிய திருவிழாவாயிற்று. 1986-ல் மிகச் சிறந்த மாணவனுக்குக் கலாப்பிரதிபா என்றும், மாணவிக்குக் கலாதிலகம் என்றும் பட்டங்கள் ஏற்பட்டன. முதல் ஆண்டுப் பட்டம் பெற்ற வினீத் சினிமாவுக்குப் போனார். நாகர்கோவிலில் பிறந்த மஞ்சு வாரியர் கலாதிலகமாகி, அவரும் சினிமாவுக்குப் போனார். போதாதா? பட்டம் என்பது சினிமாவின் வாசற்படி என்று பெற்றோர் தீர்மானித்துவிட்டார்கள். பரீட்சையில் கிரேஸ் மதிப்பெண் வேறு. நடன ஆசிரியர், ஆடை, அலங்காரம் என்று லட்சக்கணக்கில் செலவு செய்தார்கள்.

செலவு செய்தவர் தோல்வியை ஒப்புக்கொள்வாரா? அப்பீல் போட்டார்கள். அதிலும் தோற்றால் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பள்ளிப் பிள்ளையின் பேரில், மோகினியாட்டத்துக்கு மதிப்பெண் குறைந்தது என்று வழக்கு! கடைசியில் 2006-ல் அந்தப் பட்டங்களையே எடுத்துவிட்டார்கள். அதற்கும் அடங்கவில்லை. 2018-ல் திருச்சூரில் நடந்த விழாவில், குழந்தைகள் உரிமை ஆணையத்தின் பேரில் போலி அப்பீல் உத்தரவுகள் பிடிபட்டுச் சிலர் கைதானார்கள். குழந்தைகளின் உரிமையைக் காக்கும் ஆணையத்தின் முத்திரையைப் போலியாகக் குத்திக் குழந்தைகளை மேடையேற்றினார்கள் என்றால், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் இத்தகைய மனுக்களைத் தள்ளும்போது, பிள்ளைகளின் தோல்வியை ஏற்றுக்கொள்ளப் பெற்றோர் பழக வேண்டும் என்ற கருத்தைச் சொல்ல நேர்ந்தது. தகப்பனார் சொல்ல வேண்டியதை நீதிபதி சொல்ல வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா 2022-ல் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள். வீட்டில் பாட்டு வாத்தியார் வைக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. நான் அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வெற்றி பெற்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள் என்று அறிந்தபோது, மலைக்கு அந்தப் பக்கத்தின் ஞாபகம் வந்தது. அவர்கள் இருபது வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கி வைத்த கிரீடத்தை நாம் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆசையின் கடைசிப் படி எது என்று கேட்டால், அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்டுப் பள்ளிகளில் விளையாட்டுப் பந்தயங்களின்போது, ஒரே மாதிரி உடை உடுத்தி, ஆடிப் பாடித் தங்கள் அணிக்கு உற்சாகம் ஊட்டும் சியர்லீடர் கூட்டம் ஒன்று உண்டு. 1898-ல் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஒரு மாணவன் கூட்டத்தின் முன்னால் நின்று கோஷம் எழுப்பியதில் தொடங்கிய வழக்கம் அது. முதலில் ஆண்களே செய்தார்கள். இரண்டாவது உலக யுத்த காலத்துக்குப் பிறகு பெண்கள் கைக்கு வந்தது. பள்ளிகளில் அந்தக் கூட்டத்தில் இடம் பிடிப்பது பெரிய கௌரவம். 1991-ல் டெக்சஸ் மாகாணத்தில் சானல்வியூ என்ற ஊரில் ஒரு தாய் போலீசாரிடம் பிடிபட்டாள். தன் மகளுக்குப் போட்டியாக வரும் பெண்ணின் தாயைக் கொல்ல ஆள் தேடினாள் என்பது குற்றச்சாட்டு. தாய் செத்தால் அந்தப் பெண் மனம் உடைந்து தேர்வுக்கு வரமாட்டாள் என்பது அவள் போட்ட கணக்கு. அவள் அணுகிய ஆளே போலீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டதால் ஒரு உயிரும் போகவில்லை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. பைத்தியம் என்று தள்ளுபவர்கள் உண்டு. பைத்தியமாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு இடம் என்னை உறுத்துகிறது. போட்டிக்காரப் பெண்ணை விலக்க வேண்டுமானால் அவளுடைய தாயை விலக்க வேண்டும் என்று அந்தத் தாய் நினைத்தாள். அதாவது, ஆடுவது பிள்ளைகள் அல்ல, தாய்மார்கள்தான் என்று அவள் உண்மையிலேயே நம்பினாள். சங்கரன்கோவில் ஜன்னலுக்கு வெளியே ஆடிய கைகளும் ஒரு சிறு அளவில் அதையேதான் நம்பின.

பிள்ளை வெல்ல வேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் யார்? ஆசைப்படட்டும். பாட்டு வாத்தியாருக்குக் கடன் வாங்கியாவது பணம் கட்டட்டும். பிள்ளைக்குக் கொஞ்சம் கண்டிப்பும் வேண்டியதுதான்; கண்டிப்பே இல்லாமல் ஒரு கலையும் வந்ததில்லை. சங்கரதாஸ் சுவாமிகளும் பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: தோற்றுவிட்டு வீட்டுக்கு வரும் உரிமை பிள்ளைக்கு உண்டா? அந்த உரிமை இருக்கிற வீட்டில் எவ்வளவு பெரிய ஆசையும் பிள்ளைக்குச் சிறகுதான். அந்த உரிமை இல்லாத வீட்டில், மிகச் சிறிய பரிசும் கழுத்தில் கட்டிய கல்.

பாய்ஸ் கம்பெனிப் பெற்றோருக்குப் பசி என்ற ஒரு சமாதானம் இருந்தது. பிள்ளை மேடையிலிருந்து இறங்கினால் அடுப்பு அணையும் என்ற நிலை அவர்களுக்கு. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. பிள்ளை பின் வரிசையில் நின்றால் நம் வீட்டில் ஒரு பிடி அரிசியும் குறையப் போவதில்லை. குறைவது நம் கௌரவம். அந்தக் கௌரவத்தைச் சுமக்கும்படி ஒரு எட்டு வயதுத் தோளைக் கேட்கிறோம்.

மகரக்கட்டு பாட்டுக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது அல்ல. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் ஏதாவது ஒன்று எட்டாமல் போகும். நேற்று வரை முதல் மதிப்பெண் வாங்கியவன் இன்று வாங்கமாட்டான். நேற்று வரை முன் வரிசையில் ஆடியவள் இன்று ஆடமாட்டாள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் மொழிகள் பெரிதாக வேண்டியதில்லை. உபதேசம் அறவே வேண்டாம். கதவைத் திறந்து, கால் கழுவச் சொல்லி, வழக்கம்போல் தட்டைப் போட்டுச் சோறு வைத்தால் போதும். பிள்ளை தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.